ஓவன் சரியாகச் சூடாகவில்லையா? போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: எட்டு வருடமாக ஓடும் மின்சார ஓவன். கொஞ்ச நாளாகக் கேக் மேலே கருகிவிடுகிறது, அடியில் பச்சை மாவாகவே நிற்கிறது. பார்க்க வந்த மெக்கானிக் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா? இதோடு, ஓவனில் அடிக்கடி வரும் மற்றக் கோளாறுகளை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்டுக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் கீழே இருக்கும் எலிமென்ட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் கம்பி, போய்விட்டதைத்தான் காட்டும். ஓவனில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எலிமென்ட்கள் உண்டு. சாதாரணமாகப் பேக் செய்யும்போது முக்கிய வேலையைக் கீழ் எலிமென்ட் செய்யும், மேலே இருப்பது துணைக்கு எரியும். கீழே இருப்பது செத்துவிட்டால் உள்ளே சூடு ஏற நேரம் ஆகும். இன்னும் 180 டிகிரி வரவில்லையே என்று தெர்மோஸ்டாட் மேல் எலிமென்ட்டை வழக்கத்தைவிட அதிக நேரம் எரியவிடும். மேலே கருகுவதும் அடியில் வேகாமல் இருப்பதும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

நான் ஓவன் பழுதுபார்க்கும்போது நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்வேன். மின்சாரம் உள்ளே வருகிறதா? வந்த மின்சாரம் சூடாக மாறுகிறதா? அந்தச் சூட்டை ஓவன் சரியாக அளக்கிறதா? உண்டான சூடு உள்ளேயே நிற்கிறதா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்த பிறகுதான் போர்டைச் சந்தேகப்பட வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கி விலை அதிகமான பாகத்திலிருந்து தொடங்குவதால்தான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

உங்கள் ஓவனில் இப்படிச் செய்து பாருங்கள். கீழ்ச் சூடு மட்டும் என்ற நிலையில் வைத்து 200 டிகிரிக்குத் திருப்புங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து, எதையும் தொடாமல், தரைப்பகுதிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். எலிமென்ட் வெளியே தெரியும் ஓவன் என்றால் அது சிவந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல மாடல்களில் அது தரைத்தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும், அங்கே கைதான் சாட்சி. அப்புறம் கிரில்லை மட்டும் போட்டு மேலேயும் இதே சோதனை. ஒன்று சூடாகி மற்றது ஆகவில்லை என்றால் மின்சாரம் வருகிறது, சூடுதான் உண்டாகவில்லை என்று புரிந்துவிடும். ஆறிய பிறகு எலிமென்ட்டின் மேல் கொப்புளம், விரிசல், வெள்ளையாகப் பொரிந்த ஒரு புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மீட்டரே தேவையில்லை.

மீட்டர் வைத்துப் பார்ப்பதாக இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவரோடு நேராக இணைத்த ஓவன் என்றால் மெயின் பிரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஓவனின் சொந்தக் குமிழைப் பூஜ்ஜியத்தில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. பல ஓவன்களில் அது ஒரு ஒயரை மட்டும்தான் துண்டிக்கும்.

எலிமென்ட்டின் ஒயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுவது சுலபம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, வாட்ஸால் வகுக்க வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் எலிமென்ட் என்றால் 26 ஓம் அளவில் காட்டும், 1000 வாட்ஸ் என்றால் 53 அளவில். மீட்டர் எந்த எண்ணும் காட்டாமல் நின்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஒயரைக் கழற்றும்போது ஒரு விஷயம்: எலிமென்ட்டை முன்பக்கமாக இழுத்துக் கழற்றும் மாடல்களில் ஒயர் நழுவிப் பின்சுவரின் ஓட்டைக்குள் போய்விடும். அப்புறம் ஓவனையே வெளியே இழுக்க வேண்டியதாகிவிடும். துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை ஒயரில் மாட்டிவிட்டால் போதும்.

ஓம் சரியாக இருந்தும் எலிமென்ட் சூடாகவில்லை என்றால் ஒயர் முனையில் இருக்கும் லக்கைப் பாருங்கள். 2000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் அந்தச் சின்னத் தகட்டின் வழியாக ஓடுகிறது. அது கொஞ்சம் தளர்ந்தாலும் தொடும் இடத்தில் சூடு பிறக்கும், சூட்டில் இன்னும் தளரும், கடைசியில் கருகிவிடும். ஒரு வீட்டில் இரண்டு முறை எலிமென்ட் மாற்றியும் சரியாகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பின்மூடியைத் திறந்தால் லக் காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தது, ஒயர் குச்சி போல விறைத்திருந்தது. கருகிய பகுதியை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் வரை பின்னுக்குப் போய், புது லக் வைத்து அழுத்திக் கொடுத்தேன். அவ்வளவுதான். இங்கே சாதாரண பிவிசி ஒயரை மட்டும் ஒட்டுப்போட்டுவிடாதீர்கள். அது 70 டிகிரி அளவுக்குச் செய்யப்பட்டது, ஓவனின் பின்பக்கத்தில் உருகிவிடும். சிலிகோன் அல்லது கண்ணாடி இழை உறை போட்ட, சூடு தாங்கும் ஒயர்தான் வேண்டும்.

இப்போது ஓவன் மொத்தமாகவே சூடாகாத கதைக்கு வருவோம். பாதி நேரம் இது கோளாறே இல்லை. டிஜிட்டல் கடிகாரம் வைத்த பல ஓவன்கள், கரண்ட் போய் வந்த பிறகு நேரத்தைச் சரிசெய்யும் வரை சூடாகாது. விளக்கு எரியும், ஃபேன்கூடச் சுற்றும், எண்கள் மின்னிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் வராது. நேரத்தை வையுங்கள். தானியங்கி நிலையில் மாட்டியிருந்தால் கை படம் போட்ட பொத்தானை அழுத்திச் சாதாரண நிலைக்குக் கொண்டு வாருங்கள். சாவி படம் தெரிந்தால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறது. மேஜை மேல் வைக்கும் சின்ன ஓவன்களில் டைமர் குமிழ் வழியாகத்தான் மின்சாரமே போகும். டிகிரியை எவ்வளவு திருப்பினாலும், டைமர் பூஜ்ஜியத்தில் இருந்தால் எதுவும் நடக்காது. கண்காட்சி நிலை என்று ஒன்றும் சில மாடல்களில் உண்டு, கடையில் காட்சிக்கு வைப்பதற்காக. அதில் எல்லாம் வேலை செய்வது போலத் தெரியும், எலிமென்ட் மட்டும் எரியாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் உயிரே இல்லை என்றால் பிளக்கையும் சாக்கெட்டையும் பாருங்கள். பிளக்கின் கால் கறுத்திருந்தாலோ, பயன்படுத்தும்போது தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ அந்தச் சாக்கெட்டை மாற்றும் வரை ஓவனைப் போடாதீர்கள். பின்பக்கத்தில் தெர்மல் கட்-அவுட் என்று ஒரு சிறு பாகமும் இருக்கும். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது அதன் வேலை. சில வகை ஆறியதும் தானாகச் சேர்ந்துகொள்ளும், சிலவற்றில் நடுவில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும், சில ஒருமுறை போனால் மாற்றத்தான் வேண்டும். அதை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அது ஏன் விழுந்தது என்று கேட்காமல் மாற்றினால் மறுபடி விழும். குளிர்விக்கும் ஃபேன் நின்றுபோயிருக்கலாம், காற்றுப் போகும் இடுக்கை அலமாரி மறைத்திருக்கலாம், அல்லது 500 டிகிரி அளவுக்குச் சூடேறித் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவனில் அந்தச் சுத்தத்தை அப்போதுதான் ஓட்டியிருக்கலாம். அந்த ஓட்டத்துக்கு மறுநாள் செத்துப்போகும் ஓவன்கள் நிறைய. முக்கியமான விருந்துக்கு முந்தின நாள் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, சூடாகிறது, ஆனால் கணக்குச் சரியில்லை என்ற புகார். இதற்கு ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். நடு அடுக்கில், நடுவில் வையுங்கள். 180 டிகிரிக்கு வைத்து, தயார் என்று விளக்கு சொன்னாலும் நம்பாமல் அரைமணி நேரம் விடுங்கள். அப்புறம் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பத்து நிமிட இடைவெளியில் நான்கைந்து முறை குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் பலர் செய்யும் தவறு. தெர்மோஸ்டாட் எலிமென்ட்டை எரியவிட்டு அணைத்து, எரியவிட்டு அணைத்துத்தான் சூட்டைக் காக்கிறது. 180 என்று வைத்தால் 165க்கும் 195க்கும் இடையே ஏறி இறங்குவது பழைய வகை ஓவனுக்கு இயல்பு. சராசரி 180ஐ ஒட்டி இருந்தால் ஓவன் நல்ல ஓவன்தான்.

சராசரியே 20 டிகிரி தள்ளி இருந்தால் பல டிஜிட்டல் ஓவன்களில் அமைப்புகளுக்குள் போய்க் கூட்டவோ குறைக்கவோ வழி இருக்கும், கையேட்டில் பாருங்கள். குமிழ் வைத்த ஓவனில் எனக்குப் பிடித்த வழி, வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு அதன்படி சமைப்பது. தெர்மாமீட்டர் கையில் இல்லாதபோது சர்க்கரையை வைத்துத் தோராயமாகப் பார்க்கலாம். சர்க்கரை உருகுவது 186 டிகிரியை ஒட்டி. ஒரு சின்ன அலுமினியத் தாள் கிண்ணத்தில் ஒரு கரண்டி சர்க்கரை வைத்து 175 டிகிரியில் கால் மணி நேரம் விடுங்கள், உருகக் கூடாது. 190க்கு ஏற்றி இன்னொரு கால் மணி நேரம், உருக வேண்டும். 175லேயே பாகாகிவிட்டால் ஓவன் சொல்வதைவிட அதிகச் சூடு. பல மணி நேரம் வைத்தால் குறைந்த சூட்டிலும் சர்க்கரை நிறம் மாறும் என்பதால் நேரத்தை மீற வேண்டாம்.

வித்தியாசம் 20 டிகிரியையும் தாண்டி, 50, 60 என்று போனால் அளக்கும் பாகத்தில் கோளாறு. குமிழ் வகையில் இது திரவம் நிரப்பிய மெல்லிய உலோகக் குழாய், நுனியில் பென்சில் போல ஒரு குமிழி. சுத்தம் செய்யும்போது அது கிளிப்பிலிருந்து நழுவிச் சுவரைத் தொட்டுக்கொண்டோ எலிமென்ட்டை நெருங்கியோ நின்றால் அளவு தப்பும். மறுபடி கிளிப்பில் மாட்டினால் சரியாகிவிடும், காசு செலவே இல்லை. குழாய் எங்காவது ஓட்டையாகித் திரவம் கசிந்துவிட்டால் கதை ஆபத்தாகிவிடும். திரவம் விரிந்தால்தானே சுவிட்ச் அணையும்? திரவமே இல்லாதபோது பல தெர்மோஸ்டாட்கள் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சூடு கட்டுக்கடங்காமல் ஏறுகிறது என்று தெரிந்த நொடியே மெயினை அணைத்துவிடுங்கள்.

டிஜிட்டல் ஓவன்களில் அந்த இடத்தில் பிளாட்டினச் சென்சார் இருக்கும். பரவலாகப் பயன்படும் வகை பூஜ்ஜியம் டிகிரியில் 1000 ஓம் காட்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 4 ஓம் கூடும். எனவே அறை வெப்பத்தில் 1080 முதல் 1120 ஓம் வரை வந்தால் ஆரோக்கியம். 1300, 1400 என்று காட்டினால், ஓவன் இருப்பதைவிட அதிகச் சூடாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேட்ட சூடு வரும் முன்பே போர்டு எலிமென்ட்டை அணைத்துவிடும். இங்கேதான் நல்ல போர்டுகள் அநியாயமாகக் குப்பைக்குப் போகின்றன. போர்டு சென்சார் சொன்னதைக் கேட்டு நடந்தது, அவ்வளவுதான். சென்சாரோ போர்டோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு.

சூடு உள்ளே நிற்கிறதா என்ற கேள்விக்கு ஒரு காகிதத் துண்டு போதும். ஓவன் ஆறியிருக்கும்போது கதவின் ஓரத்தில் காகிதத்தை வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். ஒரு பிடிப்புத் தெரிய வேண்டும். நான்கு பக்கமும் இப்படிப் பார்த்தால் கதவைச் சுற்றிச் சூட்டை அடைக்கும் பட்டையான கேஸ்கெட் எங்கே தளர்ந்திருக்கிறது என்று தெரியும். மேல் ஓரத்தில் மட்டும் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் கீல் தொங்கிவிட்டது. சூடான தட்டைக் கதவின் மேல் வைத்துப் பழகியவர்கள் வீட்டில் இது அதிகம். கேஸ்கெட்டை அழுத்தித் தேய்க்காதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஓவன் போட்டதும் வீடே டிரிப் ஆகிறது என்பது வேறு ரகம். எலிமென்ட்டின் நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு பொடி, அதற்கு வெளியே உலோகக் குழாய். அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்த ஓவனை மழைக்காலத்தில் போட்டால் ஈரம் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசியும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும்படி செய்த ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், உடனே விழுந்துவிடும். டிரிப் ஆகாமல் ஓடக்கூடிய ஏதாவது ஒரு நிலை, கிரில் மட்டும் அல்லது ஃபேனோடு சூடு, கிடைத்தால் அதில் 100 டிகிரியில் அரைமணி நேரம், ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் மற்ற எலிமென்ட்டின் ஈரம் காய்ந்துவிட வாய்ப்பு உண்டு. காய்ந்த பிறகும் விழுந்தால் எலிமென்ட்டின் உறை பிளந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். ஆர்சிசிபி விழாமல், மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் துண்டிக்கும் எம்சிபி மட்டும் உடனே விழுந்தால் எங்கோ நேரடி ஷார்ட், அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டிரிப் ஆகிறது என்று எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. டிரிப் நின்றுவிடும், உண்மைதான். கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் ஓவனின் உடலிலேயே நிற்கும், ஈரக்கையோடு கதவைத் திறப்பவர் வழியாகப் போகும். தயவுசெய்து யாரையும் இதைச் செய்யவிடாதீர்கள்.

ஃபேன், விளக்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் கிறீச்சிட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது, மோட்டாரோடு மாற்றிவிடுவது நல்லது. இறக்கையைப் பிடித்திருக்கும் நட் பல மாடல்களில் தலைகீழாக, வலப்பக்கம் திருப்பினால் கழலும் வகை. தெரியாமல் பலம் கொடுத்தால் மரை போய்விடும். ஓவனை அணைத்த பிறகும் ஏதோ ஓடும் சத்தம் வந்தால் அது குளிர்விக்கும் ஃபேன், பயப்பட ஒன்றுமில்லை. விளக்குக்கு 300 டிகிரி தாங்கும் என்று எழுதிய ஓவன் பல்புதான் வேண்டும், வீட்டு எல்இடி வேண்டவே வேண்டாம்.

எரிவாயு ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். ஒன்று, குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரியும், விட்டதும் அணையும். தீயில் நனைந்து நிற்கும் தெர்மோகப்பிள் என்ற மெல்லிய கம்பிதான் காரணம். சூடு பட்டால் அது சில பத்து மில்லிவோல்ட் உண்டாக்கும், அந்தச் சின்ன மின்சாரம்தான் வால்வைத் திறந்து வைக்கிறது. நுனியில் கரி படிந்தாலோ இணைப்புத் தளர்ந்தாலோ வால்வு மூடிக்கொள்ளும். துடைத்து, நுனி தீயின் நடுவில் நிற்கும்படி வைத்துப் பாருங்கள். இரண்டாவது, சிவந்து ஒளிரும் வகைப் பற்றவைப்பான். அது சிவக்கிறது, ஆனால் தீ வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது, பிறகு ‘பும்’ என்று பற்றுகிறது என்றால், சிவக்கிறதே, அது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். போதுமான மின்சாரம் தன் வழியாக ஓடினால்தான் வால்வு முழுதாகத் திறக்கும். வயதான பற்றவைப்பான் சிவக்கும், ஆனால் அவ்வளவு மின்சாரம் கடத்தாது. மாற்றுங்கள். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சரிசெய்யும் வரை அந்த ஓவன் வேண்டாம். வாயு வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடாமல், அணைக்காமல், ஜன்னலைத் திறந்து, வால்வை மூடிவிட்டு வெளியேறுங்கள்.

மைக்ரோவேவையும் பலர் ஓவன் என்றே சொல்வதால் ஒரு வார்த்தை. உள்ளே பொறி பறந்தால் பக்கச் சுவரில் இருக்கும் மைக்கா தகட்டைப் பாருங்கள். எண்ணெய் தெறித்துக் கருகியிருக்கும், புதுத் தகட்டை அதே அளவுக்கு வெட்டி மாட்டினால் சரியாகும். சக்தி குறைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு லிட்டர் தண்ணீரை முழுச் சக்தியில் சரியாக 60 விநாடி சூடாக்கி, கலக்கி, எத்தனை டிகிரி கூடியது என்று பார்த்து 70ஆல் பெருக்குங்கள். பத்து டிகிரி கூடினால் சுமார் 700 வாட்ஸ். இதற்கு மேல் வெளிமூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும்.

சரி, போர்டே போகாதா? போகும். எலிமென்ட், லக், சென்சார், கட்-அவுட் எல்லாம் மீட்டரில் சரியாக இருந்து, சூடு கேட்டும் எலிமென்ட்டுக்கு மின்சாரம் வரவில்லை என்றால் அது போர்டில் உள்ள ரிலே, அதாவது எலிமென்ட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சின்னச் சுவிட்ச். அப்போதும் சில சமயம் ரிலே காலடியில் விரிந்த சால்டரை மறுபடி உருக்கி ஒட்டினாலே போதும். அணைத்த பிறகும் எலிமென்ட் எரிந்துகொண்டே இருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டது, அதைத் தாமதிக்காமல் மாற்ற வேண்டும்.

உங்கள் மெக்கானிக் மறுபடி வரும்போது இரண்டே விஷயம் கேளுங்கள்: கீழ் எலிமென்ட் எத்தனை ஓம் காட்டியது, சென்சார் எத்தனை ஓம் காட்டியது. அளந்தவர் என்றால் எண்ணைச் சொல்வார். அளக்கவில்லை என்றால் அளக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு போர்டைப் பற்றிப் பேசலாம்.